புதுக்கோட்டை எவ்வளவு உயரம்?

புதுக்கோட்டை நகரம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று உங்கள் பூகோள ஆசிரியரைக் கேட்டால், கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் என்பார். அதே நகரில் நின்றுகொண்டு, துணைக்கோள்களின் உதவியால் இடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவி முதன்முதலில் கணக்கிடும் உயரத்தைப் பார்த்தால், அது பூச்சியத்துக்கு அருகில் ஒரு சிறிய எண்ணாக இருக்கும். மணமேல்குடிக் கடற்கரைக்குப் போனால் இன்னும் வேடிக்கை. பூச்சியத்துக்கு ஏறத்தாழ 90 மீட்டர் கீழே நிற்கிறீர்கள் என்று அந்த எண் சொல்லும். காலை நனைப்பது என்னவோ கடல் அலைதான்!

இவற்றில் எது சரி, எது தவறு? இரண்டுமே சரிதான். "எவ்வளவு உயரம்?" என்ற கேள்விக்கு முன்னால் "எதிலிருந்து?" என்று இன்னொரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்க மறந்தால் உயரத்தைக் குறிக்கும் எந்த எண்ணுக்கும் பொருள் இல்லை. இந்தச் சிக்கலை நாள்தோறும் சந்திக்கிறவர்கள் பலர். அவர்களுள் ஒரு சாரார், சிமுலேட்டர் எனப்படும் பாவனை விமானத்தை உருவாக்குகிறவர்கள்.

பாவனை விமானத்தின் தரை

விமானம் ஓட்டக் கற்பவர்கள் முதலிலேயே வானில் ஏறி விபத்தை விலைக்கு வாங்க முடியாது. ஆகவே தரையில் நிற்கும் ஒரு கூண்டுக்குள், உண்மை விமானத்தில் இருப்பது போன்ற கருவிகளையும் கைப்பிடிகளையும் வைத்து, சன்னலுக்கு வெளியே தெரிய வேண்டிய காட்சியைக் கணிப்பொறியால் வரைந்து காட்டுகிறார்கள். வீட்டுக் கணிப்பொறியில் இயங்கும் எளிய வகைகளும் உண்டு. 'பிளைட் கியர்' என்பது யாரும் இலவசமாகப் பெறக்கூடிய ஒன்று.

இத்தகைய சிமுலேட்டரில் திருச்சி விமான நிலையத்திலிருந்து புறப்படுவதாக வைத்துக் கொள்வோம். ஓடுபாதையின் நீளம் 2,480 மீட்டர். நிலையத்தின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 288 அடி, அதாவது சுமார் 88 மீட்டர். மேலே எழும்பித் தெற்கே திரும்பினால் கீழே புதுக்கோட்டை மாவட்டம் விரியும். நார்த்தாமலைக் குன்றுகள் வரும். முப்பது கிலோ மீட்டருக்குச் சற்று மேல் பறந்தால் சித்தன்னவாசல் வரும். சுற்றியுள்ள சமவெளிக்கு மேல் அந்தக் குன்று எழும்புவது சுமார் 70 மீட்டர்தான். அதற்கப்பால் கடல்வரை தட்டையான நிலமும், அதில் வரிசை வரிசையாகக் கண்மாய்களும்தாம்.

தட்டையான நிலத்தை வரைவது எளிது என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. இமயமலையில் உயரம் 10 மீட்டர் தவறினால் யாருக்கும் தெரியாது. புதுக்கோட்டையில் 10 மீட்டர் தவறினால் நிலத்தின் முகமே மாறிவிடும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். புதுக்கோட்டை நகரிலிருந்து மணமேல்குடிக் கடற்கரைக்கு நேர்கோட்டில் சுமார் 60 கிலோ மீட்டர். அந்தத் தொலைவில் நிலம் இறங்குவது 100 மீட்டர். ஆக, 600 மீட்டர் நடந்தால்தான் ஒரு மீட்டர் சரிவு! இங்கே உயரத்தில் ஒரு மீட்டர் பிழை என்பது, படத்தில் சம உயரக் கோட்டை 600 மீட்டர் தள்ளிப் போடுவதற்குச் சமம்.

பூச்சியம் எங்கே இருக்கிறது?

கடல் மட்டம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கடலோ ஒரு நிமிடம் கூட அசையாமல் இருப்பதில்லை. அலை அடிக்கிறது. நாள்தோறும் ஓதம் ஏறி இறங்குகிறது. ஆகவே துறைமுகங்களில் ஓதமானி என்னும் கருவியை வைத்து, பல ஆண்டுகள் இடைவிடாமல் அளந்து, சராசரி காண்கிறார்கள். அதுவே சராசரிக் கடல் மட்டம்.

இந்திய நில அளவைத் துறை 1858 முதல் 1909 வரை செய்த முதல் பெரும் மட்ட அளவையில் இவ்வாறு ஒன்பது துறைமுகங்களைத் தேர்ந்தெடுத்தது. கராச்சி, பம்பாய், கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஒரிசாக் கரையிலுள்ள பால்ஸ் பாயிண்ட் ஆகியவை அவை. புதுக்கோட்டைக்கு இவற்றுள் மிக அருகில் உள்ளது நாகப்பட்டினம்.

இந்தப் பூச்சியத்திலிருந்து உள்நாட்டுக்கு உயரத்தைக் கொண்டு போவது எப்படி? மட்டக் கருவி என்பது முக்காலியின் மேல் கிடைமட்டமாகப் பார்க்கும் ஒரு தொலைநோக்கி. அதன் பின்னால் 50 மீட்டர் தள்ளி, அளவுகள் குறித்த கோல் ஒன்றை நிறுத்தி அளவைப் படிக்க வேண்டும். பிறகு முன்னால் 50 மீட்டர் தள்ளிக் கோலை நிறுத்திப் படிக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அவ்விரு இடங்களின் உயர வித்தியாசம். இப்படியே நகர்ந்து நகர்ந்து 60 கிலோ மீட்டர் போக, கருவியை 600 முறை நிறுத்த வேண்டும்! ஆனால் உழைப்புக்கு ஏற்ற பலன் உண்டு. துல்லிய மட்ட அளவையில் அனுமதிக்கப்படும் பிழை, கிலோ மீட்டர் எண்ணிக்கையின் வர்க்க மூலத்தை 4 மில்லி மீட்டரால் பெருக்கினால் வருவது. 60-இன் வர்க்க மூலம் சுமார் 7.75. எனவே மணமேல்குடியிலிருந்து புதுக்கோட்டை வரை வந்த பிறகும் பிழை சுமார் 31 மில்லி மீட்டரைத் தாண்டக்கூடாது. மூன்று விரற்கடைக்கும் குறைவு!

சமவெளியில் அளப்பதற்கு வேறொரு தொல்லையும் இருந்தது. 1802-இல் சென்னை பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்து, முக்கோணங்கள் வழியாக நாட்டை அளக்கத் தொடங்கியவர் வில்லியம் லாம்டன். முக்கோண அளவைக்குத் தொலைவில் பார்க்க உயரமான இடம் தேவை. காவிரிச் சமவெளியில் குன்றுகள் ஏது? அவர் கோயில் கோபுரங்களை நாடினார். 1808-இல் சுமார் அரை டன் எடையுள்ள கோணமானியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி உருக்குலைந்தது. மனம் தளராத லாம்டன் பல வாரங்கள் உட்கார்ந்து அதைத் தாமே செப்பனிட்டார். சமவெளியை அளப்பது மலையை அளப்பதைவிடக் கடினமாகவும் இருக்கலாம் என்பதற்கு இது ஒரு சான்று.

இரண்டாவது பூச்சியம்

ஜி.பி.எஸ். கருவிக்குக் கடல் தெரியாது. அதற்குத் தெரிந்தவை துணைக்கோள்களின் இடமும், அவற்றிலிருந்து தான் இருக்கும் தொலைவும்தாம். ஆகவே அது பூமியை, துருவங்களில் சற்றுத் தட்டையான வழவழப்பான ஒரு கணித உருண்டையாக எண்ணிக்கொண்டு, அதன் பரப்பிலிருந்து உயரத்தைக் கணக்கிடுகிறது.

உண்மையான கடல் பரப்போ அப்படி வழவழப்பாக இல்லை. பூமிக்குள் பொருள் ஒரே சீராகப் பரவியிருக்கவில்லை. ஈர்ப்பு மிகுந்த இடத்தில் கடல்நீர் திரண்டு மேடாகிறது. ஈர்ப்புக் குறைந்த இடத்தில் தாழ்கிறது. காற்றும் ஓதமும் இல்லையென்றால், ஈர்ப்பு ஒன்றை மட்டும் கேட்டு நீர் அமரும் பரப்புக்கு ஜியாய்டு என்று பெயர். இந்தப் பரப்பில் உலகிலேயே மிக ஆழமான பள்ளம் நமக்கு அருகில்தான் இருக்கிறது! இலங்கைக்குத் தெற்கே இந்துமாக் கடலில், கணித உருண்டையைவிட 106 மீட்டர் தாழ்ந்து கடல் பரப்பு கிடக்கிறது. கப்பலில் போகிறவர்களுக்கு இது தெரியாது. அங்கேயும் நீர் 'மட்டமாக'வே இருக்கும். இந்தப் பள்ளம் தோன்றியது எவ்வாறு என்பதற்கு, பூமியின் ஆழத்தில் அடர்த்தி குறைந்த சூடான பாறைப் பொருள் பரவியிருப்பதே காரணம் என்று 2023-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் விளக்கம் தந்தார்கள்.

அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் தமிழ்நாடு முழுவதும் அமைந்திருக்கிறது. புதுக்கோட்டைப் பகுதியில் ஜியாய்டு, கணித உருண்டைக்கு ஏறத்தாழ 90 மீட்டர் கீழே, சில இடங்களில் அதற்குச் சற்றுக் கூடுதலாகவும் இருக்கிறது. எனவே நாம் போட வேண்டிய கணக்கு எளியது: கருவி தரும் உயரத்திலிருந்து ஜியாய்டின் உயரத்தைக் கழிக்க வேண்டும். உதாரணமாக, கருவி 6 மீட்டர் என்கிறது; ஜியாய்டு −94 மீட்டர் என்றால், 6 − (−94) = 100 மீட்டர். சில கருவிகள் இந்தத் திருத்தத்தைத் தாமே செய்துவிட்டு விடையைக் காட்டும், சில காட்டா.

வானிலிருந்து எடுத்த அளவு

உலகம் முழுவதற்கும் மட்டக் கோலைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில், எண்டவர் என்னும் அமெரிக்க விண்வெளி ஓடம் 11 நாட்கள் சுற்றி, உலக நிலப்பரப்பில் சுமார் 80 சதவீதத்தை ராடார் கொண்டு அளந்தது. ஓடத்தில் ஒரு ராடார் உணர்கொம்பு. 60 மீட்டர் நீளமுள்ள தண்டின் நுனியில் இன்னொன்று. தரையில் பட்டுத் திரும்பும் ஒரே எதிரொலி இரண்டையும் சற்றே வெவ்வேறு தருணங்களில் வந்தடையும். இரண்டு காதுகளால் ஒலி வரும் திசையை நாம் அறிவதைப் போல, அந்தச் சிறு வேறுபாட்டைக் கொண்டு தரையின் உயரம் கணக்கிடப்பட்டது.

நமது இந்தியாவும் பின்தங்கவில்லை. 2005 மே 5-ஆம் நாள் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1 துணைக்கோளில் இரண்டு காமிராக்கள் இருந்தன. ஒன்று முன்னோக்கி 26 டிகிரி சாய்ந்தும், மற்றொன்று பின்னோக்கி 5 டிகிரி சாய்ந்தும் ஒரே இடத்தைப் படம் எடுத்தன. நமது இரு கண்கள் ஆழத்தை உணர்வது போல, அந்த இரட்டைப் படங்களிலிருந்து உயரங்கள் பெறப்பட்டன. 'புவன்' இணையத் தளத்தில் அவை கிடைக்கின்றன. ஒரு முக்கியக் குறிப்பு: எண்டவரின் உயரங்கள் ஜியாய்டிலிருந்து தரப்பட்டவை, கார்ட்டோசாட் உயரங்கள் கணித உருண்டையிலிருந்து தரப்பட்டவை. இது தெரியாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால், புதுக்கோட்டையின் நடுவே 90 மீட்டர் செங்குத்துப் பாறை ஒன்று எழும்பிவிடும்!

கண்மாய்க் கரை மறைந்த கதை

எண்டவரின் உயரங்கள் கட்டம் கட்டமாகச் சேமிக்கப்பட்டுள்ளன. ஒரு டிகிரி அகலமும் ஒரு டிகிரி நீளமும் கொண்ட ஒரு துண்டில் 3,601 வரிசை. வரிசைக்கு 3,601 புள்ளிகள். பெருக்கினால் 1 கோடியே 29 லட்சத்து 67 ஆயிரத்து 201. திருச்சி விமான நிலையம், சித்தன்னவாசல், புதுக்கோட்டை நகரம் மூன்றும் இவ்வாறான ஒரே துண்டுக்குள் அடங்கிவிடுகின்றன. புள்ளிக்குப் புள்ளி இடைவெளி சுமார் 30 மீட்டர்.

இவ்வளவு புள்ளிகள் இருந்தும் என்னென்ன தவறுகின்றன என்று பாருங்கள். ஒரு கண்மாய்க் கரையின் உயரம் 3 மீட்டர், மேல் அகலம் 3 மீட்டர், அடி அகலம் 15 மீட்டர் என்போம். குறுக்கு வெட்டு ஒரு சரிவகம். பரப்பளவு ½ × (3 + 15) × 3 = 27 சதுர மீட்டர். அந்த மண்ணை 30 மீட்டர் அகலக் கட்டம் முழுவதும் நிரவினால் உயரம் 0.9 மீட்டர். மூன்று மீட்டர் கரை ஒரு மீட்டர் மேடாகிவிட்டது! 90 மீட்டர் இடைவெளியில் தொகுத்த படத்தில் அது 0.3 மீட்டர். உயரங்கள் முழு மீட்டர்களாகவே எழுதப்படுவதால் 0.3 என்பது பூச்சியமாகிவிடும். கரை அடியோடு மறைந்துவிட்டது.

முழு மீட்டராக எழுதுவதால் இன்னொரு விளைவும் உண்டு. 600 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரியும் நிலத்தில், அடுத்தடுத்த 20 புள்ளிகளுக்கு ஒரே எண் வரும். பிறகு திடீரென்று ஒரு படி. மெதுவாகச் சரியும் நிலம் படிக்கட்டாகிவிடுகிறது.

மேலும், அந்த ராடாரின் அலை நீளம் 5.6 சென்டி மீட்டர். அடர்ந்த இலைகளை ஊடுருவி அது முழுவதும் தரைக்குப் போகாது. ஆகவே தைலமரத் தோப்புகளும் முந்திரிக் காடுகளும் சிறு மேடுகளாகப் பதிந்துவிடும். கண்மாயில் அசையாமல் நிற்கும் நீரோ, கண்ணாடியைப் போல அலையை வேறு பக்கம் திருப்பிவிடுவதால் அங்கே அளவு சரியாகக் கிடைக்காது. 2000-க்குப் பிறகு தோண்டிய கல் குவாரிப் பள்ளங்களும் அதில் இருக்க முடியாது. இவை தவிர, அளவிலேயே பிழை உண்டு. 16 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் குறிக்கோள். பின்னர் சோதித்தபோது பல இடங்களில் 10 மீட்டருக்குள்ளேயே இருந்தது. உலகம் முழுவதையும் 11 நாளில் அளந்ததற்கு இது மகத்தான சாதனை. புதுக்கோட்டைச் சமவெளிக்கோ இது போதாது.

சிமுலேட்டருக்குள் அளப்பது எப்படி?

சிமுலேட்டர் தன் தரைக்கு எந்த உயரத்தைக் கொடுத்திருக்கிறது என்று கண்டுபிடிக்க மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, விமானத்தை இறக்கி நிறுத்தி உயரமானியைப் படிப்பது. விமானத்தின் சாதாரண உயரமானி உண்மையில் ஒரு காற்றழுத்தமானி. தாழ்ந்த உயரங்களில் அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் சுமார் 27 அடி ஏறியதாக அது காட்டும். அன்றைய கடல்மட்ட அழுத்தத்தை அதில் சரியாகப் பொருத்தியிருந்தால், திருச்சி நிலையத்தில் 288 அடியை ஒட்டிக் காட்ட வேண்டும். பொருத்தியதில் 3 மில்லிபார் பிழை இருந்தால் 80 அடி போய்விடும்! கணிப்பொறி திரையில் எழுதும் உயரம், பல சமயம் விமானத்தின் நடுப்பகுதியின் உயரமே தவிரச் சக்கரத்தின் உயரம் அல்ல என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது வழி, ரேடியோ உயரமானி. இது வயிற்றுப் பக்கத்திலிருந்து ரேடியோ அலையைத் தரைக்கு அனுப்பி, திரும்பி வருவதைக் கொண்டு தரைக்கு மேல் உள்ள உயரத்தை நேரே தருகிறது. அழுத்த உயரமானி 1,000 அடியும் ரேடியோ உயரமானி 670 அடியும் காட்டினால், கீழேயுள்ள நிலத்தின் உயரம் 330 அடி. அதாவது சுமார் 100 மீட்டர். விமானம் சாயாமல் பறக்க வேண்டியது அவசியம்.

மூன்றாவது வழி, தரையின் கட்டங்களையே எடுத்துப் பார்ப்பது. இங்கும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு கட்டத்தின் நான்கு மூலைகளில் வரிசையாகச் சுற்றி 100, 104, 100, 104 மீட்டர் என்று இருக்கட்டும். நடுப்புள்ளியின் உயரம் என்ன? நான்கின் சராசரி 102. ஆனால் சிமுலேட்டர் தரையை முக்கோணங்களாகப் பிரித்தே வரைகிறது. 100 மீட்டர் மூலைகளை இணைத்து மூலைவிட்டம் போட்டால் நடுப்புள்ளி 100. மற்ற இரண்டை இணைத்தால் 104. அளவுகள் மாறவில்லை. கோடு போட்ட விதத்தால் விடை 4 மீட்டர் மாறிவிட்டது!

இதனால்தான் சிமுலேட்டர் செய்கிறவர்கள் ஓடுபாதைகளைக் கட்டப் புள்ளிகளிடம் விட்டுவிடுவதில்லை. திருச்சி ஓடுபாதையின் நீளத்தில் 80-க்கும் மேற்பட்ட புள்ளிகள் விழும். ஒவ்வொன்றிலும் இரண்டொரு மீட்டர் பிழை இருந்தால், விமானம் மாட்டு வண்டியைப் போலக் குலுங்கும். ஆகவே விமான நிலையத்துக்கென்று தரையில் அளந்த உயரங்களைக் கொண்டு அந்தப் பகுதியைத் தனியாகச் சமன் செய்துவிடுகிறார்கள்.

யாருக்கு இதனால் என்ன?

இது விளையாட்டுக் காரியம் அன்று. உண்மை விமானங்களிலும் இதே போன்ற தரைப் படம் கணிப்பொறியில் வைக்கப்பட்டிருக்கிறது. மேகத்துக்குள் வழி தவறி மலையை நெருங்கும் விமானியை அது குரல் கொடுத்து எச்சரிக்கிறது. கனடாவில் பிறந்த டான் பேட்மன் என்னும் பொறியியலாளர் உருவாக்கிய இம்முறை, 1990-களிலிருந்து எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. அந்தப் படத்தில் குன்று இல்லையென்றால் எச்சரிக்கையும் இல்லை.

நம் மாவட்டத்துக்கு இதைவிட நெருக்கமான காரணம் ஒன்று இருக்கிறது. புதுக்கோட்டையின் ஆயிரக்கணக்கான கண்மாய்கள் தனித்தனியானவை அல்ல. ஒரு கண்மாய் நிறைந்து கலிங்கில் வழியும் நீர், வாரி வழியே அடுத்த கண்மாய்க்குப் போகும். மேலே இருப்பதன் கலிங்கு ஒரு முழம் உயர்ந்தால் கீழே உள்ள ஊருக்குத் தண்ணீர் தாமதமாகும். ஒரு முழம் தாழ்ந்தால் மேலே உள்ள ஊரின் பயிர் வாடும். குமிழித் தூம்பு வைத்து மடை கட்டிய முன்னோர்கள், துணைக்கோள் இல்லாமலே நீரையே மட்டக் கருவியாகக் கொண்டு இந்த உயரங்களைக் கண்டார்கள். இன்று ஒரு வாரியைத் தூர் வாரவோ, புதிதாக ஒரு சாலை போடவோ, வானிலிருந்து எடுத்த படத்தை மட்டும் நம்பினால், கரையே தெரியாத அந்தப் படம் நீர் ஓடும் திசையைத் தலைகீழாகக் காட்டக்கூடும். அத்தகைய வேலைக்கு இன்றும் மட்டக் கோலோடு தரையில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

நீங்களே அளந்து பாருங்கள்

கொத்தனார் பயன்படுத்துவது போன்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் 10 மீட்டர், இரண்டு அளவுகோல்கள், கொஞ்சம் தண்ணீர் இவை போதும். குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் நீர் நிரப்புங்கள். ஒரு முனையை ஓர் இடத்தில் அளவுகோலோடு நிமிர்த்திப் பிடியுங்கள். மறுமுனையை நண்பர் அடுத்த இடத்தில் அவ்வாறே பிடிக்கட்டும். இரண்டு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். தரையிலிருந்து அந்த நீர்மட்டம் உங்களிடத்தில் 82 சென்டி மீட்டர், நண்பரிடத்தில் 117 என்றால், நண்பர் நிற்கும் தரை 35 சென்டி மீட்டர் தாழ்வு. இப்படியே பள்ளி வாசலிலிருந்து புறப்பட்டு மைதானத்தைச் சுற்றி மீண்டும் வாசலுக்கே வாருங்கள். ஏற்றங்களைக் கூட்டி, இறக்கங்களைக் கழித்தால் விடை பூச்சியமாக வர வேண்டும். வராமல் மிஞ்சுவதே உங்கள் பிழை.

கோடையில் கண்மாய் வற்றியிருக்கும்போது, பெரியவர் ஒருவரின் துணையோடு கலிங்குக்கும் மடைக்கும் உள்ள உயர வித்தியாசத்தை இதே முறையில் அளக்கலாம். பிறகு 'புவன்' படத்திலோ சிமுலேட்டரிலோ அந்த இரண்டு இடங்களுக்கும் என்ன உயரம் போட்டிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வோர் உயரத்தின் பக்கத்திலும் மூன்று விவரங்களை மறவாமல் குறியுங்கள்: எதிலிருந்து அளந்தது, எந்தக் கருவியால் அளந்தது, எவ்வளவு பிழை இருக்கலாம்.